பிறேக் பாட்: மலிவானதா, விலை கூடியதா?

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு சிறு லொறியை வைத்திருந்தால், காலையில் அதில் மரக்கறி சந்தைக்குப் போகும். மாலையில் கூலி வேலைக்குப் போனவர்கள் அதிலேயே ஏறி வருவார்கள். அதன் முன் சில்லுகளின் பிறேக் பாட் தேய்ந்துவிட்டால், உதிரிப்பாகக் கடையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைப்பார்கள். ஒன்று மலிவானது. மற்றதில் 'செரமிக்' என்று எழுதியிருக்கும், விலையும் கூட. எதை வாங்குவது?

பிறேக் செய்யும் வேலை

பிறேக்கை மிதித்ததும் இரண்டு பாட்டுகள், சில்லுடன் சுழலும் இரும்புத் தட்டை (டிஸ்க்) இருபுறமும் நெரித்துப் பிடிக்கின்றன. வாகனத்தின் ஓட்டம் உராய்வினால் வெப்பமாக மாறுகிறது. மொத்தப் பாரம் இரு மடங்கானால் வெப்பமும் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகவே சூடேறிய பின்னும் பிடிக்கும் பாட்டே நல்ல பாட்.

மூன்று வகைகள்

1. நாரும் பிசினும் சேர்ந்த சாதாரண பாட்: மலிவானது, சத்தம் குறைவு. ஆனால் விரைவில் தேயும். கடும் சூட்டில் பிடி தளரும்.

2. உலோகக் கலப்புப் பாட்: இரும்புத் தூளும் உருக்குத் தும்பும் சேர்ந்தது. சூட்டையும் பாரத்தையும் தாங்கும். சத்தமும் கறுப்புத் தூசியும் கூட. டிஸ்க்கையும் சற்று அதிகம் தேய்க்கும்.

3. செரமிக் பாட்: சத்தமும் தூசியும் குறைவு. டிஸ்க்கை அதிகம் தேய்க்காது. பெரும்பாலும் நீடித்து உழைக்கும்.

செரமிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பங்கு அமைதிக்கும் சுத்தத்துக்குமே போகிறது. பயணிகள் காருக்கு அது ஏற்றது. பாரம் ஏற்றி, மாத்தளை, கண்டி போன்ற மலைப்பாதைகளில் இறங்கும் லொறிக்கு நல்ல உலோகக் கலப்புப் பாட்டே பெரும்பாலும் பொருத்தம். இறக்கத்தில் எந்தப் பாட் இருந்தாலும் கீழ்க் கியரில் இறக்குங்கள்.

வாங்கும்போது

• பழைய பாட்டைக் கையோடு கொண்டு சென்று அளவையும் வடிவத்தையும் ஒப்பிடுங்கள். வாகனக் கையேடு கூறும் வகையைக் கேளுங்கள்.

• பல பாட்டுகளின் ஓரத்தில் 'எவ் எவ்', 'ஜீ ஜீ' போன்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரண சூட்டிலும், இரண்டாவது கடும் சூட்டிலும் உள்ள பிடியைக் குறிக்கும். 'ஈ'யை விட 'எவ்'வும், 'எவ்'வை விட 'ஜீ'யும் கூடிய பிடி. எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை இவை சொல்லா.

• தயாரித்தவரின் பெயர் இல்லாத பெட்டி, வெடிப்பு, உதிரும் விளிம்பு, தகட்டில் சரியாக ஒட்டாத பாட் ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். விலை கூடிய பெட்டியிலும் போலி இருக்கலாம்.

செலவுக் கணக்கு

4,000 ரூபா பாட் 10,000 கிலோமீற்றரும், 10,000 ரூபா பாட் 30,000 கிலோமீற்றரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 30,000 கிலோமீற்றருக்கு மலிவானது 12,000 ரூபா. கூலியும் மூன்று முறை. இங்கே விலை கூடியதே இலாபம். ஆனால் அது 20,000 கிலோமீற்றரில் தேய்ந்தால், பாட்டின் விலையில் மலிவானதே இலாபம். ஆகவே மாற்றிய திகதியையும் மீற்றர் கணக்கையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கோபுரம் கட்டுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது இயேசு தந்த படிப்பினை அல்லவா?

மாற்றும்போது

இடது, வலது இரு சில்லுகளுக்கும் ஒன்றாகவே மாற்றுங்கள். உராயும் பகுதி 3 மில்லிமீற்றராகக் குறைந்தால் தாமதிக்க வேண்டாம். புதிய பாட் பதியும்வரை அவசரமின்றி மெதுவாகப் பிறேக் பிடியுங்கள். பிறேக் தூசியை ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். பழைய லைனர்களில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கலாம்.

பாட் வாங்கப் பணம் இல்லாத வாரத்தில் லொறியை நிறுத்தி வையுங்கள். ஒரு நாள் சந்தையை இழந்தால் மறுநாள் ஈடுசெய்யலாம். பெட்டியில் ஏறி வருபவர்களை ஈடுசெய்ய முடியாது.

கலந்துரையாட

1. எமது வாகனம் அதிகம் ஓடுவது எந்தப் பாதையில், எவ்வளவு பாரத்துடன்?

2. ஒவ்வொரு பயணத்திலும் பராமரிப்புக்காக எவ்வளவு ஒதுக்கலாம்? அதை யார் பொறுப்பேற்பது?