ஏழு தந்திக்கும் ஏற்ற பிக்கப்: ஒரு வாசகருக்குக் கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

மெட்டல் குழு ஒன்றிலும் வாசிக்கிறீர்கள், கல்யாணக் கச்சேரிகளுக்கு மெல்லிசைக் குழுவோடும் போகிறீர்கள். கையில் இருப்பது ஒரே ஒரு ஏழு தந்தி கிதார். இரண்டு மேடைக்கும் தோதான பிக்கப் எது என்று கேட்டிருக்கிறீர்கள். விசாரித்த இடத்திலெல்லாம் “அவுட்புட் அதிகமாக உள்ளதைப் போடுங்கள்” என்றார்களாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அது பிடிபட்டால் எந்த பிராண்ட் என்ற கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

ஏழாவது தந்தி மெட்டலுக்காகப் பிறந்ததல்ல. ஜார்ஜ் வான் எப்ஸ் என்ற ஜாஸ் கலைஞர் 1930களின் இறுதியிலேயே எபிஃபோன் நிறுவனத்திடம் ஏழு தந்தி கிதார் செய்து வாங்கிக்கொண்டார். மேலே மெலடி, நடுவே கார்டு, அடியில் பேஸ் என மூன்றையும் ஒரே ஆளாக வாசிக்க அவருக்கு அந்தக் கூடுதல் தந்தி வேண்டியிருந்தது. 1990இல் ஐபனெஸ் நிறுவனம் ஸ்டீவ் வாய்க்காக யுனிவர்ஸ் என்ற ஏழு தந்தி கிதாரைக் கொண்டுவந்தது. டிமார்சியோவின் பிளேஸ் பிக்கப்கள் பொருத்திய கிதார் அது. நான்கே ஆண்டுகளில் கார்ன் குழு அதே யுனிவர்ஸை ஒரு முழு சுரம் தாழ்த்தி, அடித் தந்தியை ‘ஏ’வுக்கு இறக்கி, தன் முதல் ஆல்பத்தில் முற்றிலும் வேறொரு உலகத்தைக் காட்டியது. ஒருவர் கையில் பாடிய கிதார் இன்னொருவர் கையில் உறுமியது. நீங்கள் தேடும் பன்முகத் தன்மை இந்தக் கருவிக்கு முதலிலிருந்தே உண்டு. அதைக் கெடுக்காத பிக்கப்பைத்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கெடுப்பது எது என்று பார்ப்போம். அடித் தந்தியான ‘பி’ நொடிக்குச் சுமார் 62 முறை அதிர்கிறது. ஆறு தந்தி கிதாரின் அடித் தந்தியான ‘ஈ’ சுமார் 82 முறை. கிதார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் இந்த ஆழத்தில் அவ்வளவாகப் பேசாது. அப்படியிருந்தும் அது ‘பி’ என்று நம் காதுக்குத் தெரிவதற்குக் காரணம் அதன் மேல் சுரங்கள்: 124, 185, 247 என்று அடுக்கடுக்காக ஏறிப்போகும் அதிர்வுகள். அவை தெளிவாக வந்தால் அடித் தந்தி சுரமாகக் கேட்கும். மங்கினால் வெறும் இரைச்சல்தான்.

அவுட்புட் அதிகம் வேண்டும் என்று காயிலில் செப்புக் கம்பியை மேலும் மேலும் சுற்றும்போது இந்த மேல் சுரங்களுக்குத்தான் அடி விழுகிறது. சுற்று கூடக் கூட காயிலின் இண்டக்டன்ஸ் ஏறும். பிக்கப் எந்த அதிர்வெண்ணில் அதிகம் பிரகாசிக்குமோ அந்த அதிர்வெண் கீழே இறங்கும். ட்ரெபிள் குறையும், மிட் தடிக்கும். ஆறு தந்தியில் இது பல நேரம் சுகமாகவே இருக்கும். ஏழாவது தந்தியில் சேறாகிவிடும். டிஸ்டார்ஷன் வேண்டுமானால் பெடலிலும் ஆம்ப்பிலும் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். பிக்கப் வாயிலிலேயே நின்றுபோன மேல் சுரத்தை அதற்குப் பிறகு எந்தப் பெட்டியாலும் மீட்க முடியாது. அதனால்தான் நடுத்தர அவுட்புட் உள்ள, தெளிவான பிக்கப்பை வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். மெட்டல் வாசிக்கவும் அதுதான் நல்லது. வேகமான பாம் மியூட்டில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும்.

விற்பனை விவரங்களில் கிலோ ஓம் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். செத் லவர் கிப்சனுக்காக 1955இல் வடிவமைத்த ஹம்பக்கர் வகைகள் ஏழெட்டு கிலோ ஓம் அளவில் இருக்கும். இன்றைய சூடான பிக்கப்கள் அதைப்போல இரு மடங்கு காட்டும். ஆனால் 42 கேஜுக்குப் பதிலாக மெல்லிய 43 கேஜ் கம்பியைச் சுற்றினாலே ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். அந்த எண் சத்தத்தின் அளவும் இல்லை, சுபாவத்தின் அளவும் இல்லை. காந்தம் எது என்று கேளுங்கள். செராமிக் என்றால் பெரும்பாலும் இறுக்கமான, கூர்மையான தொடக்கம். ஆல்னிகோ 5 என்றால் தெளிவோடு கொஞ்சம் நெகிழ்வு. ஆல்னிகோ 2 எனக்குப் பிடித்த காந்தம்தான், ஆனால் ஏழாவது தந்திக்கு மிருதுவாகிப்போகும்.

பெயர் சொல்லியே ஆகவேண்டும் என்றால் என் தேர்வு சீமோர் டங்கனின் ஜோடி: பிரிட்ஜில் பெகாசஸ் 7, நெக்கில் சென்டியன்ட் 7. இரண்டும் ஆல்னிகோ 5. பிரிட்ஜுக்கு அதே நிறுவனத்தின் நாஸ்குல் 7 செராமிக் வகை. மெட்டல் மட்டும் வாசிப்பவருக்கு அருமை, கச்சேரியில் ஒரு பழைய மெலடிக்குத் தனியாக இழைய வேண்டிய உங்களுக்கு அது கொஞ்சம் முரட்டுத்தனம். டிமார்சியோவில் பார்த்தால், நெக்கில் பிஏஎஃப் 7 மிகவும் கண்ணியமான குரல். ஆனால் அதோடு மிகச் சூடான பிரிட்ஜ் பிக்கப்பைச் சேர்த்துவிடாதீர்கள். நெக் பக்கம் தந்தி அதிகமாக அலைவதால் அங்கே இயல்பாகவே சத்தம் கூடுதல். பிரிட்ஜை அதற்கு ஈடுகட்டும் அளவுக்குச் சூடாக்கினால் போதும். அளவு மீறினால் மேடையில் ஸ்விட்சைத் தட்டும்போதெல்லாம் சத்தம் எகிறும், பாடகர் திரும்பிப் பார்ப்பார்.

அடுத்தது வயரிங். பன்முகம் என்ற சொல்லுக்கு உண்மையில் இங்கேதான் பொருள் இருக்கிறது. காயில் ஸ்ப்ளிட் செய்து ஹம்பக்கரை ஒற்றைக் காயிலாக்குவதுதான் எல்லோரும் பழகிய வழி. ஆறு தந்தியில் நல்லது. ஏழு தந்தியில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, ஒற்றைக் காயில் மின்சார ஹம்மையும் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ஹம் 50, 100, 150 என்று வரும். உங்கள் ‘பி’ 62, ‘ஏ’வுக்கு இறக்கினால் 55. இரைச்சலும் சுரமும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஈக்யூவில் ஹம்மை வெட்டினால் அடித் தந்தியின் உடம்பும் சேர்ந்து போய்விடும். சீரியல் விளக்கும் ஜெனரேட்டருமாக இருக்கும் கல்யாண மண்டபத்தில் இது பெரிய தொல்லை. அதனால் புஷ்-புல் நாப் ஒன்றைப் போட்டு இரண்டு காயில்களையும் பேரலலாக இணைக்கச் சொல்லுங்கள். ஹம் அடங்கியே இருக்கும். சத்தம் சற்றுக் குறையும், ஒலி மெலிந்து பளிச்சென்று ஆகும். க்ளீன் ஆர்பெஜியோவுக்கு உங்களுக்கு வேண்டியது அதுதானே! இதற்கு நான்கு இணைப்புக் கம்பிகள் வெளியே வரும் பிக்கப் வேண்டும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக்டிவ் பிக்கப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஈஎம்ஜி 707 போன்றவற்றில் காயிலை அளவாகச் சுற்றி, உள்ளேயே ஒரு சின்ன ப்ரீஆம்ப் வைத்து, 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுகிறார்கள். நீளமான கேபிளிலும் ட்ரெபிள் சாகாது, இரைச்சல் மிகக் குறைவு. ஆனால் அதன் ஒலியில் ஒரே முகம் சற்று ஓங்கி நிற்கும். ஃபிஷ்மேன் ஃப்ளூயன்ஸ் மாடர்ன் வேறு வழி பிடித்தது: சுற்றிய கம்பிக்குப் பதில் அடுக்கிய சர்க்யூட் பலகைகள், நாபை இழுத்தால் இரண்டாவது குரல், அது பாசிவ் பிக்கப்பின் சுபாவத்துக்கு நெருக்கமானது. உங்கள் நேரத்தில் முக்கால்வாசி மெட்டலுக்குப் போவதாக இருந்தால் இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் பாசிவ் பிக்கப்பிலிருந்து மாறும்போது 500 கிலோ ஓம் நாப்களை எடுத்துவிட்டு 25 கிலோ ஓம் போட வேண்டும், பேட்டரிக்கு மரத்தில் இடம் வேண்டும். ஆக்டிவ் சோப்பார் அளவும் சாதாரண ஏழு தந்தி ஹம்பக்கர் அளவும் வேறு வேறு. கிதாரின் குழியை அளக்காமல் ஆர்டர் செய்யாதீர்கள்.

வாங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. இப்போது இருக்கும் பிக்கப்பை நியாயமாகச் சோதித்துப் பாருங்கள். புதுத் தந்தி மாட்டுங்கள். உங்கள் கிதார் 25.5 அங்குல ஸ்கேல் என்றால் ‘பி’க்கு 60 அல்லது 62 தடிமனில் போடுங்கள், 27 அங்குல நீளத்தில் இருக்கும் இறுக்கம் இதில் இருக்காது, அதற்குப் பிக்கப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அடித் தந்திப் பக்கம் 3 மில்லிமீட்டர், மெல்லிய தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துத் தொடங்குங்கள். காந்தம் தடித்த தந்திக்கு மிக அருகில் இருந்தால் அதன் அதிர்வையே இழுத்துக் கலைத்துவிடும். ஸ்க்ரூவை அரைச் சுற்று இறக்கியதிலேயே தெளிந்துபோன கிதார்களை நான் கேட்டிருக்கிறேன்.

பிறகு ஆம்ப்பை க்ளீனில் வைத்து, நெக் பிக்கப்பில், அடித் தந்தியைத் திறந்து மீட்டிவிட்டு அதன்மேல் ‘டி’, ‘ஜி’, ‘பி’ தந்திகளில் ஒரு கார்டு வாசியுங்கள். நான்கு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறதா? கொஞ்சம் ட்ரைவ் ஏற்றி அதையே வாசியுங்கள். வால்யூமைப் பாதிக்கு இறக்கிப் பாருங்கள். ஒலி கம்பளிக்குள் போனதுபோல் ஆனால், பிக்கப்பை மாற்றும் முன் வால்யூம் நாபில் ஒரு சின்ன கப்பாசிட்டரை சால்டர் செய்யச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு. கடையில் புதுப் பிக்கப் போட்ட கிதார் எதை எடுத்தாலும் இதே வரிசையில் கேளுங்கள், டிஸ்டார்ஷனைக் கடைசியில் வையுங்கள்.

பட்ஜெட் ஒரு பிக்கப்புக்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால் முதலில் பிரிட்ஜை மாற்றுங்கள். 24 ஃப்ரெட் கிதாரில் நெக் பிக்கப் எப்படியும் சற்றுப் பின்தள்ளி உட்கார்ந்திருப்பதால் அவ்வளவு குழம்பாது. தொழிற்சாலையில் போட்டு வந்ததை வைத்தே இன்னும் சில மாதம் ஓட்டலாம்.

அன்புடன்.