நம் பெயரின் பொருள்

உங்கள் பெயர் என்ன? அதன் பொருள் என்ன?

எழுதப் படித்தபோது நாம் முதலில் எழுதியது நம் பெயரைத்தான். கைநாட்டு வைத்த இடத்தில் இப்போது கையெழுத்துப் போடுகிறோம். அந்தப் பெயரைப் பற்றி இன்று படிப்போம்.

பெயரில் இறைவன்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களில் பல மதத்தாரும் சேர்ந்து வாழ்கிறோம். நம் பெயர்கள் பலவற்றில் இறைவன் இருக்கிறார்.

தாணுமாலயன் என்ற பெயரைப் பாருங்கள். தாணு என்றால் சிவன். மால் என்றால் திருமால். அயன் என்றால் பிரம்மா. சுசீந்திரம் கோயிலில் உள்ள இறைவனின் பெயர் இது.

தானியேல், இம்மானுவேல் ஆகியவை எபிரேய மொழிப் பெயர்கள். அது யூதர்களின் மொழி. அதில் 'ஏல்' என்றால் கடவுள். தானியேல் என்றால் 'கடவுளே என் நீதிபதி'. இம்மானுவேல் என்றால் 'கடவுள் நம்மோடு இருக்கிறார்'.

அப்துல்லா என்பது அரபுப் பெயர். 'அல்லாவின் அடியார்' என்பது அதன் பொருள்.

கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போவோம். நைஜீரியா நாட்டில் இக்போ என்னும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் மொழியில் கடவுளுக்குச் 'சுக்வு' என்று பெயர். சுக்வுஎமேக்கா என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். 'கடவுள் பெரிய நன்மை செய்தார்' என்பது அதன் பொருள். மொழி வேறு, நாடு வேறு. ஆனால் பெற்றோரின் மனம் ஒன்றுதான். பிள்ளையின் பெயரே ஒரு வேண்டுதல், ஒரு நன்றி.

பறிக்கப்பட்ட பெயர்

ஆனால் விரும்பிய பெயரை வைக்க எல்லாரையும் விட்டார்களா?

1809-ஆம் ஆண்டு சாமித்தோப்பில் ஒரு குழந்தை பிறந்தது. அந்த ஊர் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. தந்தை பொன்னு நாடார், தாய் வெயிலாள். பிள்ளைக்கு 'முடிசூடும் பெருமாள்' என்று பெயரிட்டார்கள். முடி என்றால் அரசரின் கிரீடம். 'தாழ்ந்த சாதிக்கு இந்தப் பெயரா?' என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். பெயர் 'முத்துக்குட்டி' என்று மாறியது. அய்யாவழி மக்கள் இந்த வரலாற்றைச் சொல்லி வருகிறார்கள்.

அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் அய்யா வைகுண்டர் ஆனார். சாதிக் கொடுமையை எதிர்த்தார். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் அடைத்தது. அவர் அஞ்சவில்லை. ஆண்கள் தலைப்பாகை கட்டி இறைவனை வணங்க வேண்டும் என்றார். அந்த வழக்கம் இன்றும் உள்ளது. அவர் பெயரில் இருந்த முடியைப் பறித்தார்கள். அவரோ எளிய மக்களின் தலையில் முடி சூட்டினார்!

பெயரைப் பதிவோம்

இன்று எந்தப் பெயரையும் வைக்க நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் காப்பது எப்படி? குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லையா? பிறப்பை முதலில் பதியலாம். பெயரைப் பின்னர் சேர்க்கலாம். ஓர் ஆண்டுக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை.

நம் பகுதியில் ஒரே பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள். அதனால் எழுத்து மாறிவிடும். ரேஷன் அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் அலைச்சல்தான். சான்றிதழை வாங்கியதும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பிழை இருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள்.

பேசுவோம்

1. உங்களுக்கு யார் பெயர் வைத்தார்கள்? ஏன் அந்தப் பெயர்?
2. ஒருவரைப் பட்டப்பெயர் சொல்லி இழிவாக அழைப்பது சரியா?

எழுதுவோம்

உங்கள் வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதன் பொருளை எழுதுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள்.