மேசையருகே சீசர் சாலட்: கலந்து பரிமாறும் முறை

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நடக்கிற வேலையை விருந்தினரின் கண்முன்னே செய்து காட்டுவதுதான் கெரிடான் சர்வீஸ். சக்கரம் வைத்த டிராலியில் வாழைப்பழத்தை ரம் ஊற்றித் தீமூட்டுவதும், முழு வாத்தை வகிர்ந்து கொடுப்பதும் இதில் சேர்த்தி. புதிதாகப் பழகுகிறவர்கள் நெருப்பே தேவைப்படாத சீசர் சாலட்டில் தொடங்குவது நல்லது.

இதன் பூர்வீகம் மெக்சிகோவின் டிஹுவானா நகரம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்ததால், கலிஃபோர்னியாக்காரர்கள் எல்லை தாண்டி அங்கே போய்ச் சாப்பிட்டார்கள். அங்கு உணவகம் நடத்திய இத்தாலியர் சீசர் கார்டினி, 1924 ஜூலை 4 அன்று கூட்டம் அலைமோதிச் சரக்கு தீர்ந்துபோக, கையிலிருந்ததைக் கொண்டு இதைக் கலந்தார் என்பது அவர் மகள் ரோசா சொன்ன கதை. அங்குள்ள சீசர்ஸ் உணவகத்தில் இந்த நூற்றாண்டிலும் மேசைக்குப் பக்கத்தில், மரக்கிண்ணத்தில்தான் கலக்கிறார்கள்.

இரண்டு பேருக்கு வேண்டியவை

- ரோமெய்ன் லெட்யூஸ்: நடுத்தர அளவில் 1
- பூண்டு: 1 பல்
- எண்ணெயில் பதப்படுத்திய நெத்திலி: 3 துண்டு
- முட்டை: 1
- டிஜான் கடுகு விழுது: 1 தேக்கரண்டி
- எலுமிச்சைச் சாறு: 1 மேசைக்கரண்டி
- வூஸ்டர் சாஸ்: சில துளி
- ஆலிவ் எண்ணெய்: 60 மி.லி.
- பார்மேசான் சீஸ்: 30 கிராம்
- மொறுமொறு ரொட்டித் துண்டுகள்: ஒரு கைப்பிடி
- உப்பு, மிளகு

1. முன்னேற்பாடு. மேசையருகே நடப்பது கடைசி ஐந்து நிமிட வேலைதான். மற்றதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கீரையைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இலையில் நீர் நின்றால் கலவை ஒட்டாமல் வழுக்கி அடியில் தேங்கிவிடும். பழைய ரொட்டியைச் சதுரமாக நறுக்கி, பூண்டு ஊறிய எண்ணெயில் புரட்டி, அவனில் மொறுமொறுப்பாக வாட்டுங்கள். தட்டுகளையும் குளிரவையுங்கள்.

2. முட்டை. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றுவது பழைய முறை. அந்த ஒரு நிமிடத்தில் கிருமி சாகாது. பாஸ்ச்சரைஸ் செய்த முட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், முதியவர்களுக்குப் பச்சை முட்டை சேர்க்காமல் கலந்து கொடுங்கள்.

3. முதலில் கேள்வி. ஆர்டர் எடுக்கும்போதே ஒவ்வாமை, சைவம் பற்றிக் கேட்டுவிடுங்கள். நெத்திலியை விட்டுவிட்டால் சைவமாகிவிடாது. வழக்கமான வூஸ்டர் சாஸிலும் நெத்திலி உண்டு. அசல் பார்மேசானைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டு உறைய வைக்கிறார்கள். இதை மறைக்காமல் சொல்வது உங்கள் கடமை.

4. டிராலியை நிறுத்துதல். மற்ற ஊழியர்கள் நடக்கும் வழியை அடைக்காமல், மேசையில் இருக்கும் எல்லாருக்கும் கிண்ணம் தெரிகிற கோணத்தில் நிறுத்திச் சக்கரத்தைப் பூட்டுங்கள். யாருக்கும் முதுகு காட்டி நிற்காதீர்கள். பொருள்களைச் சேர்க்கும் வரிசைப்படி இடமிருந்து வலமாக அடுக்கிவையுங்கள். நடுவில் தேட நேராது.

5. கலவை. உப்பும் பூண்டும் கிண்ணத்தில் போட்டு, கரண்டியின் முதுகால் விழுதாகும்வரை தேயுங்கள். பிறகு நெத்திலியை மசியுங்கள். “பூண்டு வாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டுமா சார்?” என்று கேட்க இதுதான் நேரம். அடுத்து மஞ்சள் கரு, கடுகு விழுது, எலுமிச்சைச் சாறு, வூஸ்டர் சாஸ் சேர்த்து அடியுங்கள். கடைசியில் ஒரு கை விடாமல் அடிக்க, மறுகை எண்ணெயை நூல் போல ஊற்ற வேண்டும். முதல் இரண்டு கரண்டி எண்ணெய் சேரும்வரை அவசரம் கூடாது. கலவை வெளிறி, கெட்டியாகி, கரண்டியின் முதுகில் படிந்து நின்றால் பதம் சரி. எண்ணெய் பிரிந்து திட்டுத்திட்டாக மிதந்தால், அரைக் கரண்டி கடுகு விழுதைத் தனிக் கோப்பையில் எடுத்து, பிரிந்த கலவையைச் சிறிது சிறிதாக அதில் விட்டு அடியுங்கள், கூடிவரும்.

6. ருசி பார்க்கக் கொடுத்தல். ஓர் இலையின் நுனியைக் கலவையில் தொட்டு, சிறு தட்டில் வைத்து விருந்தினரிடம் நீட்டுங்கள். “புளிப்பு போதுமா மேடம்?” என்று கேட்டு, அவர் சொல்கிறபடி சாறோ உப்போ கூட்டுங்கள். இந்த ஒரு வாய்க்காகத்தான் இத்தனை ஏற்பாடும். சமையலறையில் கலந்துவரும் சாலட் சமையற்காரரின் நாக்குக்கு ஏற்றது. இங்கே கலப்பது சாப்பிடுகிறவரின் நாக்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

7. புரட்டிப் பரிமாறுதல். இலைகளைப் போட்டு, பெரிய கரண்டியும் முள்கரண்டியும் கொண்டு அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். அழுத்தினால் இலை துவண்டுவிடும். சீஸில் பாதியைத் தூவி இன்னொரு முறை புரட்டி, ரொட்டித் துண்டுகளைக் கடைசியில் சேர்த்தால் நமத்துப்போகாது. தட்டில் வைத்து, மீதிச் சீஸையும் மிளகையும் தூவி, தாமதிக்காமல் பரிமாறுங்கள்.

கை பழகும்வரை சக ஊழியர்களை மேசையில் உட்காரவைத்துச் செய்து பாருங்கள். பேசிக்கொண்டே கலக்க வந்துவிட்டதென்றால், விருந்தினர் முன் டிராலியைத் தள்ளிக்கொண்டு போகலாம்.