ஒரே சொல், இரு எதிர்பார்ப்புகள்

யூதரையும் கிறிஸ்தவரையும் வேதக்காரர்கள் என்று நாம் சேர்த்தே சொல்வதால், இருவரும் வேதத்தை ஒரே விதமாக வாசிக்கிறார்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த எண்ணத்தைக் கலைக்க ‘மஸீஹ்’ என்ற ஒரு சொல்லே போதும்.

ஹீப்ருவில் அது ‘மாஷியாஹ்’, அதாவது எண்ணெய் பூசப்பட்டவர். கிரேக்கத்தில் ‘கிறிஸ்தோஸ்’. பண்டைய இஸ்ரவேலில் அரசர்களை எண்ணெய் பூசியே நியமித்தனர். ஏசாயா நூலின் 45ஆம் அதிகாரம் பாரசீக மன்னர் சைரஸையும் இச்சொல்லால் அழைக்கிறது. அவரோ யூதரே அல்லர்! ஆகவே யூதருக்கு இச்சொல்லில் தெய்வீகம் இல்லை. வரவிருப்பவர் தாவூத் (அலை) அவர்களின் வழிவந்த மனிதர். ஆலயத்தைக் கட்டுவார், சிதறிய மக்களை ஒன்றுசேர்ப்பார். அவர் அற்புதம் காட்டவேண்டிய அவசியமில்லை என்கிறார் 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ். (குர்துபாவில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த இவர் அரபியிலும் எழுதியவர்.) அப்பணிகள் நிறைவேறவில்லை என்பதே ஈஸா (அலை) அவர்களை யூதர் ஏற்காததற்குக் கூறும் முக்கிய காரணம். கிறிஸ்தவரோ அவரை இறைமகன் என்றும், பாவங்களுக்காகச் சிலுவையில் உயிர்கொடுத்தவர் என்றும் நம்புகின்றனர். எஞ்சியவை இரண்டாம் வருகையில் நிறைவேறும் என்பர். அவரை மஸீஹ் என்று ஏற்பதில் நாம் கிறிஸ்தவருக்கு அருகில் நிற்கிறோம். மஸீஹ் மனிதரே என்பதில் யூதருக்கு அருகில் நிற்கிறோம்.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது ஏசாயா 7:14. அங்குள்ள ‘அல்மா’ என்ற ஹீப்ருச் சொல்லுக்கு இளம்பெண் என்று யூதர் பொருள் கொள்வர். ஆகாஸ் மன்னரின் காலத்துக்கான அடையாளமே அது என்பது அவர்களது விளக்கம். கிரேக்க மொழிபெயர்ப்பில் ‘பார்த்தெனோஸ்’, கன்னி, என்று இருக்கிறது. மத்தேயு அதையே எடுத்தாண்டு ஈஸா (அலை) அவர்களின் பிறப்போடு இணைக்கிறார். கிறிஸ்தவர் சொல்லை மாற்றிவிட்டனர் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். அது நியாயமன்று. அம்மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் ஈஸா (அலை) அவர்களுக்கு முன் வாழ்ந்த யூதர்களே.

நூல்களின் வரிசையும் வேறு. யூத வேதம் வழமையாக நாளாகமத்தோடு முடிகிறது. ஜெரூஸலத்துக்குத் திரும்புங்கள் என்ற சைரஸின் அழைப்பே அதன் கடைசிச் செய்தி. கிறிஸ்தவரின் பழைய ஏற்பாடு பெரும்பாலான பதிப்புகளில் மல்கியாவோடு முடிகிறது. அதில் இல்யாஸ் (அலை) அவர்களை அனுப்புவதாக வாக்களிக்கப்படுகிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் மத்தேயு.