தடைப் பட்டியலும் அறிவிப்பாளர் கலையும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் சகோதரர்கள் பலருக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். அத்தா இரவில் கம்பெனி பஸ் ஏறிப் போயிருப்பார்; அம்மா அசதியில் உறங்கியிருப்பார்; பிள்ளையின் கையில் கைப்பேசி மட்டும் விழித்திருக்கும். தகாத தளங்கள் வீட்டுக்குள் வராமல் தடுக்க வழியுண்டா என்று பெற்றோர் கேட்கிறார்கள். உண்டு. அதிலுள்ள ஒரு நுட்பத்தையே இம்மாதப் பாடமாக எடுத்துக் கொண்டோம்.

ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அதன் எண் முகவரி என்னவென்று கைப்பேசி டி.என்.எஸ். எனப்படும் கணினியிடம் கேட்கிறது. தடைப் பட்டியலில் அப்பெயர் இருந்தால் அக்கணினி முகவரியைத் தராது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென இலவசமாகத் திறந்த 1.1.1.3 இவ்வகையினது. வீட்டு ரௌட்டரில் இவ்வெண்ணைப் பதியலாம். ஆபாசத்தையும் வைரஸையும் அது தடுக்கும், சூதாட்டத்தைத் தடுக்காது. சம்பள நாளில் ரம்மி விளம்பரங்களைக் கண்டவர்களுக்கு இக்குறையின் கனம் புரியும். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025இல் மத்திய சட்டம் தடை செய்த பின்னும், பெயரை மாற்றிக் கொண்டு வருபவர்களுக்கு நாமே ஒரு பட்டியல் வைத்துக் கொள்ள வேண்டியிருக்கிறது.

எழுதுவது எளிது, பேணுவதே கடினம். 2015 ஜூலை 31 அன்று தொலைத்தொடர்புத் துறை 857 தளங்களை ஆபாசத்துக்காகத் தடுக்கச் சொன்னது. எதிர்ப்பு எழவே, சில நாட்களில் அவ்வாணை தளர்ந்தது. 2018இல் உத்தரகண்ட் உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் அதே பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, 30 தளங்களில் ஆபாசமே இல்லை என்று தெரிந்தது! 827ஐ மட்டும் தடுக்கச் சொன்னார்கள். தடுக்கப்பட்டவற்றுள் பெரிய தளமொன்றோ சில நாட்களிலேயே வேறு முகவரியில் வந்து நின்றது. குற்றமற்றவர் உள்ளே, குற்றவாளி வெளியே.

2012இல் நம் சென்னையிலும் இப்படி நடந்தது. ‘3’ திரைப்படத்தின் திருட்டுப் பிரதிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே முழுதாக மூடிவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த நேர்ந்தது. ஒரு வீட்டில் திருடன் புகுந்தான் என்று தெருவையே பூட்டினால் என்ன சொல்வது?

ஆளைப் பற்றி எழுதும் முன் விசாரிக்கும் ஒழுங்கு நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை இமாம்கள் ஓர் அறிவிப்பாளரைப் பலவீனமானவர் என்றால், ஏன் என்றும் எழுதி வைத்தார்கள். கூஃபாவின் அதா இப்னு ஸாயிப் முதுமையில் நினைவு குழம்பினார். அதற்காக அவரை அடியோடு தள்ளிவிடவில்லை. ஷுஃபா, ஸுஃப்யான் ஸவ்ரீ போன்று முன்னரே கேட்டவர்களின் அறிவிப்பை ஏற்று, பின்னர் கேட்டவர்களுடையதில் தயங்கினார்கள். ‘யார்’ என்பதோடு ‘எப்போது’ என்பதையும் பார்த்தார்கள்.

இணையதளத்திலும் அந்த ‘எப்போது’ உண்டு. தளத்தின் பெயர் வாடகைக்கு எடுப்பது போன்றது. கெடு முடிந்து புதுப்பிக்காவிட்டால் வேறொருவர் வாங்கிக் கொள்வார். பள்ளிக்கூடமொன்றின் பெயர் நாளை சூதாட்டக்காரர் கைக்குப் போகலாம். கெட்ட தளத்தின் பெயர் நல்லவர் கைக்கும் வரலாம்.

ஆகவே வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தடுத்த பெயர், தேதி, காரணம், கண்டவர் யார் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஏற்றாதீர்கள். செய்தியை விசாரிக்கச் சொல்லும் அல்ஹுஜுராத் 6ஆம் வசனம் இதற்கும் பொருந்தும். மூன்று மாதத்துக்கொருமுறை பழைய பெயர்களைச் சரிபார்த்து, காரணம் நீங்கியவற்றை எடுத்துவிடுங்கள். யார் எதைத் தேடினார் என்று பதிவைத் துருவுவது வேறு சங்கதி. அதே அத்தியாயத்தின் 12ஆம் வசனம் அதைத் தடுக்கிறது.

கைப்பேசியின் சொந்த டேட்டா ரௌட்டர் வழியே போவதில்லை என்பதையும் மறவாதீர்கள். ஆண்ட்ராய்டில் ‘தனிப்பட்ட டி.என்.எஸ்.’ என்னும் அமைப்பைத் தனியே பதிய வேண்டும். பாடத்துக்கான தளம் திறக்கவில்லை என்று பிள்ளை வந்து சொன்னால், அதட்டாமல், அத்தாவே உடனிருந்து பார்த்து, தவறாகத் தடுத்திருந்தால் நோட்டில் அப்பெயரை அடித்துவிட்டுத் திறந்து கொடுக்கட்டும்.