உட்கருவைத் துறந்த சிவப்பணு

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் தவளை இரத்தத்தைப் பூசிச் சாயமேற்றிய கண்ணாடித் தகடு ஒன்றும், மனித இரத்தத்தைப் பூசிய தகடு ஒன்றும் இருந்தால், இரண்டையும் அடுத்தடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். தவளையின் சிவப்பணு நீள்வட்டமாகவும் பெரிதாகவும் இருக்கும். நடுவே பொட்டு வைத்தாற்போல் உட்கரு தெரியும். மனிதனின் சிவப்பணு வட்டமானது. நடுவில் பொட்டு இல்லை, வெளுப்புத்தான் தெரிகிறது. அந்த வெளுப்பைத் துளை என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். துளையன்று. களிமண் உருண்டை ஒன்றைத் தட்டையாக்கி, அதன் நடுவை இருபுறமும் விரல்களால் அழுத்துங்கள். அதுதான் நம் சிவப்பணுவின் வடிவம்.

தவளையைப் போலவே பல்லி, காக்கை ஆகியவற்றின் சிவப்பணுக்களிலும் உட்கரு உண்டு. பாலூட்டிகளிலோ, சுண்டெலி முதல் யானை வரை, முதிர்ந்த சிவப்பணு எதிலும் அது கிடையாது. பிராணி பெரிதானால் அதன் அணுவும் பெரிதாகும் என்று நினைத்துவிடாதீர்கள். சுண்டெலியின் சிவப்பணு ஏறத்தாழ 6 மைக்ரான் குறுக்களவு உடையது. ஆட்டினுடையது 4 மைக்ரான்தான்! (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) மனிதனுடையது ஏறத்தாழ 7.5 மைக்ரான்.

உட்கரு எங்கே போயிற்று? எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாகத் தொடங்கும்போது அதற்கும் உட்கரு இருக்கிறது. அணுவினுள் ஹீமோகுளோபின் சேரச் சேர உட்கரு சுருங்குகிறது. இறுதியில் அணு அதை வெளியே தள்ளிவிடுகிறது; அருகிலுள்ள விழுங்கணு ஒன்று அதை விழுங்கிச் செரித்துவிடுகிறது. பிறகு மைட்டோகாண்டிரியாக்களும் நீங்குகின்றன. எஞ்சுவது ஒரு மெல்லிய உறை. அதனுள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் நான்கு ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைச் சுமக்கும். மைட்டோகாண்டிரியா இல்லாததால், சுமக்கும் ஆக்ஸிஜனில் சிறிதையும் சிவப்பணு தனக்கென்று செலவிடுவதில்லை. ஆக்ஸிஜன் இல்லாமலே குளுக்கோஸைச் சிதைத்துத் தன் ஆற்றலைப் பெற்றுக்கொள்கிறது.

உட்கரு இருந்தால் இந்த வேலை நடக்காது என்று சொல்லிவிட முடியாது. காக்கை உட்கருவுள்ள அணுக்களுடன்தான் வானில் பறக்கிறது. ஆனால் உட்கரு நீங்கிய அணுவுக்கு வளைந்து கொடுக்கும் தன்மை அதிகம். அதன் அருமையை அறிய வேண்டுமானால் தந்துகிகளுக்குள் போக வேண்டும்.

இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628இல் வில்லியம் ஹார்வி நூலெழுதி நிலைநாட்டினார். தமனியிலிருந்து சிரைக்கு அது எப்படிப் போகிறது என்பதை மட்டும் அவரால் காண முடியவில்லை. 1657இல் அவர் இறந்தார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலியரான மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டையும் இணைக்கும் மயிரினும் மெல்லிய குழாய்களை விவரித்தார். அவையே தந்துகிகள்.

நம் தந்துகிகள் பலவற்றின் விட்டம் 5 மைக்ரான்தான். 7.5 மைக்ரான் அணு அதில் எப்படி நுழையும்? நெல்லை முழுக்க அடைத்த மூட்டையை வளைக்க முடியாது. பாதி நிறைந்த சாக்கை எப்படியும் மடக்கலாம். சிவப்பணு பாதி நிறைந்த சாக்கு. உள்ளிருக்கும் பொருளுக்குத் தேவையானதைவிட அதன் உறை பெரிது. எனவே குடைபோல் மடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நெருக்கிக்கொண்டு செல்கிறது. அப்படி உரசிச் செல்கையில் ஆக்ஸிஜன் கடக்க வேண்டிய தொலைவும் குறைகிறது.

இந்த வசதிக்கு விலையும் உண்டு. உட்கரு இல்லாததால் அணு தேய்ந்த பகுதிகளுக்குப் புதிய புரதம் செய்துகொள்ள இயலாது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், 120 நாள் வாழ்வில் அது 1,70,000 தடவைக்குமேல் உடலைச் சுற்றிவிடும். நாளடைவில் உறை விறைக்கிறது. மண்ணீரலில் அணுவைவிட மிகக் குறுகிய பிளவுகள் உள்ளன. விறைத்த கிழ அணு அவற்றில் நுழைய முடியாமல் சிக்கி, விழுங்கணுக்களுக்கு இரையாகிறது. அதிலிருந்த இரும்பு மீண்டும் மஜ்ஜைக்குப் போகிறது. நம் உடலில் சுமார் 25 இலட்சம் கோடி சிவப்பணுக்கள் உண்டு. 120 நாளுக்கு எத்தனை விநாடி என்று கணக்கிட்டு வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு விநாடியும் 24 இலட்சம் புதிய அணுக்கள் பிறந்தாக வேண்டும்!

இளம் அணுவே விறைத்துப்போனால் என்ன ஆகும்? கதிர் அரிவாள் சோகை என்ற பரம்பரை நோயில் அதுதான் நடக்கிறது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியிலுள்ள 146 அமினோ அமிலங்களுள் ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது. ஆக்ஸிஜனை இறக்கிவைத்ததும் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் கோல்போல் ஒட்டிக்கொள்கின்றன; அணு அரிவாளாக வளைந்து விறைக்கிறது. தந்துகியில் அடைப்பு, பொறுக்க முடியாத வலி. அணுவின் ஆயுளும் 120 நாளிலிருந்து 10, 20 நாளாகக் குறைந்துவிடுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணுவைப் பெற்ற குழந்தைக்கே இந்நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பொதுவாக நலமாகவே இருப்பார். நம் நீலகிரி மலையில் வாழும் பழங்குடி மக்களிடையே இந்த மரபணு இருப்பது 1952இல் தெரியவந்தது. ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தே இதனைக் கண்டுகொள்ளலாம்.