படி ஒன்று ஊரில் இருக்கட்டும்

நுழையும்முன்

நம் முன்னோர் ஓலையில் எழுதினர். ஓலை ஒருநாள் செல்லரிக்கும் என்பதை அறிந்து, அது பழுதாகும் முன்னரே வேறோர் ஓலையில் பெயர்த்தெழுதி வைத்தனர். இன்று குடும்பத்தின் நிழற்படங்களும் சான்றிதழ்களும் பாட்டியின் குரலும் கணினிக்குள் இருக்கின்றன. அவற்றுக்கும் ஒரு படி வேண்டாவா? வீட்டுக் கணினியையும் பெருநிறுவனச் சேவையகங்களையும் பேணும் முறையை, மும்பை மாநகரின் ஒரு மழைநாளிலிருந்து இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மழைநாள்

2005 ஆம் ஆண்டு ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. அன்று மும்பையின் புறநகர்ப் பகுதிகளில் பெருமழை கொட்டியது. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. பிற்பகலில் கடலும் பொங்கி ஏறியிருந்தமையால், மழைநீர் வடிய வழியில்லாது போயிற்று. விகார் ஏரி, பவாய் ஏரி ஆகியவற்றின் உபரிநீரைச் சுமந்து வரும் மித்தி ஆறு கரை கடந்தது. மாகிம் கழிமுகத்தில் கலக்கும் முன் அவ்வாறு தாராவியை ஒட்டியே செல்கிறது. தொடர்வண்டிகள் நின்றன. வானூர்தி நிலையம் மூடப்பட்டது. பல பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. மும்பையில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

உயிரிழப்பின் முன் பொருளிழப்பு சிறிது. ஆயினும் வெள்ளம் வடிந்தபின் மக்கள் மற்றோர் இழப்பையும் கண்டனர். தரைத்தளத்தில் இருந்த கணினிகள் சேற்றுநீரில் ஊறிக் கிடந்தன. கணினியை மீண்டும் வாங்கலாம். அதனுள் இருந்த கடைக்கணக்கையும் திருமணப் படங்களையும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

அந்நாளைப் பற்றிய வேறொரு செய்தியும் உண்டு. சாந்தாகுரூஸில் 94 சென்டிமீட்டர் மழை பெய்த அதே வேளையில், நகரின் தென்கோடியாகிய கொலாபாவில் பெய்தது எட்டுச் சென்டிமீட்டருக்கும் குறைவே. இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தொலைவு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. நகரமும் ஒன்று, நாளும் ஒன்று, மழை மட்டும் வேறு. கணினியைப் பேணுவோர் கற்க வேண்டிய முதல் பாடம் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கிறது. ஒரே இடத்தில் உள்ளவை ஒருங்கே அழியும்; வேறிடத்தில் உள்ளது பிழைக்கும்.

ஏடும் படியும்

இவ்வுண்மையைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பனையோலை நிலையான பொருளன்று. செல்லும் ஈரமும் அதனை அழிக்கும். ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினர். அவ்வாறு எழுதப்பட்டதைப் 'படி' என்று வழங்கினர். உ.வே.சாமிநாதையர் 1887 ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து கிடைத்த ஏட்டுப்படிகளை ஒப்பிட்டே சரியான பாடத்தைத் துணிந்தார். படிகள் பலவாக இருந்தமையால் அந்நூல் நமக்குக் கிடைத்தது.

படியில்லாதவற்றின் நிலை வேறு. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சிட்ட நூல்கள் பலவற்றுக்கு வேறிடங்களில் படிகள் இருந்தன. வேறு படியில்லாத சுவடிகளோ திரும்பி வரவேயில்லை.

கணினி நிருவாகி

பலருக்கும் ஒரே நேரத்தில் கோப்புகளையும் செய்திகளையும் வழங்கும் கணினிக்குச் சேவையகம் என்று பெயர். சர்வர் என்பது பேச்சு வழக்கு. வங்கிகளும் மருத்துவமனைகளும் தொடர்வண்டி முன்பதிவும் சேவையகங்களை நம்பியே இயங்குகின்றன. அவற்றை இரவும் பகலும் பேணுபவர் கணினி நிருவாகி.

வீட்டுக் கணினிக்கு நிருவாகி யார்? தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள பல வீடுகளில், பள்ளியில் கணினி பயிலும் பிள்ளையிடமே அப்பொறுப்பு வந்து சேர்கிறது. தந்தையின் கடைக்கணக்கு, தாத்தாவின் நிலப்பத்திரத்தின் மின்படி, மறைந்த பாட்டி பேசிய ஒலிப்பதிவு ஆகியவை அப்பிள்ளையின் காவலில் இருக்கின்றன. சேவையகத்துக்குரிய விதிகளே, அளவிற் சுருங்கி, வீட்டுக்கும் பொருந்துவன.

துறைமுகம் முடங்கிய நாள்

2017 ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று, நாட்பெட்யா என்னும் தீநிரல் பல நாடுகளின் கணினிகளைத் தாக்கியது. டென்மார்க் நாட்டைச் சேர்ந்த மேர்ஸ்க் என்னும் கப்பல் நிறுவனத்தின் வலையமைப்பும் அதற்கு இரையாயிற்று. மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள ஜவகர்லால் நேரு துறைமுகத்தில், அந்நிறுவனக் குழுமம் நடத்திய சரக்குப்பெட்டக முனையம் முடங்கியது.

பயனர்களின் பெயர்களையும் உரிமைகளையும் காக்கும் சேவையகங்கள் அந்நிறுவனத்துக்கு உலகெங்கும் ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவும் என்னும் நம்பிக்கையில், அவை தமக்குள் ஓயாது ஒத்திசைந்து கொண்டிருந்தன. ஆயினும் யாவும் இணைந்தே இருந்தமையால் யாவும் ஒருங்கே அழிந்தன. ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதலுக்கு முன் அங்கு ஏற்பட்ட மின்தடையால், அச்சேவையகம் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. அதன் தரவைத் தாங்கிய வன்தட்டு, வானூர்தி வழியே நைஜீரியாவுக்கும் அங்கிருந்து இங்கிலாந்துக்கும் கையோடு கொண்டு செல்லப்பட்டது. அதனைக் கொண்டே நிறுவனம் தன் வலையமைப்பை மீண்டும் எழுப்பியது.

ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு என்பது இந்நிகழ்ச்சியால் விளங்கும். திறன்பேசியில் உள்ள படம் மேகச் சேமிப்பிலும் தெரிகிறது என்று பலர் நிம்மதி கொள்கின்றனர். ஒத்திசைவு முறையில், ஓரிடத்தில் நீக்கிய படம் மற்றோரிடத்திலிருந்தும் நீங்கும். நீக்கியவை சில நாள் குப்பைத்தொட்டியில் தங்கினாலும் பின்னர் அதுவும் காலியாகும். மூலத்தை மாற்றும்போது தான் மாறாமல், தனியே பிரித்து வைக்கப்பட்டதே காப்புப்படியாகும்.

மூன்று, இரண்டு, ஒன்று

கணினி நிருவாகிகள் கைக்கொள்ளும் எளிய விதி ஒன்று உண்டு. எந்தத் தரவுக்கும் மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகளில் அமைதல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

பெருநிறுவனங்கள் இவ்விதியைப் பெரும் பொருட்செலவில் பின்பற்றுகின்றன. தாராவிக்கு அருகில், மித்தி ஆற்றின் மறுகரையில், பாந்திரா–குர்லா வளாகத்தில் தேசியப் பங்குச் சந்தையின் தலைமையகம் உள்ளது. மும்பையில் பேரிடர் நேர்ந்தாலும் பணி தொடர்வதற்காக, அதன் மாற்று மையம் சென்னையில் அமைக்கப்பட்டுள்ளது.

இத்தகைய ஏற்பாட்டைச் சிறு செலவிலேயே செய்து கொள்ளும் வாய்ப்பு மும்பைத் தமிழர் வீடுகளுக்கு உண்டு. அவர்களுக்கு ஊர் என்று ஒன்று இருக்கிறது. முதற்படி வீட்டுக் கணினியில் இருக்கும். இரண்டாம் படியைத் தனி வன்தட்டில் ஏற்றி, படியெடுக்கும் நேரம் தவிர மற்ற வேளைகளில் கணினியிலிருந்து கழற்றி வைத்தல் வேண்டும். மூன்றாம் படி, கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்கோ சேலத்துக்கோ தொடர்வண்டி ஏறும்போது பெட்டியில் உடன் செல்லலாம். ஆச்சி வீட்டு அலமாரியில் அது ஓராண்டு இருக்கட்டும். அடுத்த விடுமுறையில் புதிய படியை வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வரலாம். வழியில் தொலைந்தாலும் பிறர் திறவாதபடி, வன்தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டுதல் நன்று. இடையில் சேரும் புதிய கோப்புகளை மேகச் சேமிப்பில் ஏற்றி வைக்கலாம்.

மீட்டுப் பார்த்தல்

படி எடுத்ததோடு கடமை முடிவதில்லை. அது திறக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். 1998 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில், தவறாக இடப்பட்ட ஒரு கட்டளையால் 'டாய் ஸ்டோரி 2' திரைப்படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்புப்படியை நாடியபோது அது செம்மையாக எடுக்கப்படவில்லை என்பது தெரிந்தது. குழந்தை பிறந்தமையால் வீட்டிலிருந்து பணியாற்றிய ஓர் அலுவலரின் வீட்டுக் கணினியில் இருந்த படியே அத்திரைப்படத்தைக் காத்தது.

முன்கூட்டியே மீட்டுப் பார்ப்போருக்கு இத்தகைய நடுக்கம் இல்லை. தேசியப் பங்குச் சந்தை, 2024 ஆம் ஆண்டு மார்ச் 2, சனிக்கிழமையன்று சிறப்பு வணிகம் நடத்தியது. அதன் ஒரு பகுதி முதன்மை மையத்திலிருந்தும் மறுபகுதி மாற்று மையத்திலிருந்தும் நடைபெற்றன. வீட்டில் இதற்குப் பத்து நிமிடம் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காப்புப்படியிலிருந்து ஏதேனும் ஐந்து கோப்புகளைத் திறந்து பார்த்து, நாளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.

மழைக்கு முன்

மும்பையில் ஜூன் மாதம் பருவமழை தொடங்கும். அதற்கு முன்னரே, தரையில் வைத்துள்ள கணினிப் பெட்டியை மேசைமீது ஏற்றுதல் வேண்டும். வன்தட்டை நீர்புகாப் பையில் இட்டுப் பரணில் வைக்கலாம். வெள்ளநீர் வீட்டை நெருங்கினால், நீர் புகும் முன்னரே மின்சாரத்தைத் துண்டிக்குமாறு பெரியோரிடம் கூறுதல் வேண்டும். நனைந்த கணினியை இயங்குகிறதா என்று பார்ப்பதற்காக முடுக்குதல் கூடாது. நீரோடு மின்சாரமும் சேர்ந்தால் ஆளுக்கே ஆபத்து. பிழைத்திருக்கக்கூடிய தரவும் கெடும். உயிர் முதலில்; கணினி பிறகு.

மின்தடையும் கணினிக்குப் பகையே. 2020 ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று காலையில், மும்பையின் பெரும்பகுதி திடீரென மின்சாரம் இழந்தது, மின்தொடர்வண்டிகளும் நின்றன. எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்பு சிதையக்கூடும். யூ.பி.எஸ். என வழங்கும் தடையில்லா மின்வழங்கி சில நிமிடங்களுக்கு மின்சாரம் தரும். அந்நேரம் விளையாட்டைத் தொடர்வதற்கு அன்று. கோப்பைச் சேமித்துக் கணினியை முறையாக நிறுத்துவதற்கு.

பூட்டும் திறவுகோலும்

நிருவாகிக்குரிய கணக்கும் அன்றாடப் பயனர் கணக்கும் தனித்தனியே இருத்தல் நன்று. நாள்தோறும் நிருவாகிக் கணக்கில் பணியாற்றினால், அறியாமல் திறந்த ஒரு தீநிரலுக்கும் அவ்வுரிமை கிடைத்துவிடும். இயக்க மென்பொருளை உரிய காலத்தில் இற்றைப்படுத்தல் வேண்டும். கண்டறியப்பட்ட ஓட்டைகள் அதனாலேயே அடைபடுகின்றன. ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துவது, வீட்டுக்கும் கடைக்கும் ஒரே சாவி செய்து கொள்வது போன்றது. நிருவாகக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டிப் பெற்றோரிடம் கொடுத்து வைத்தல் வேண்டும்.

மும்பைக்கு வந்த தலைமுறையினர் ஊரின் நினைவைத் தம்மோடு கொண்டு வந்தனர். இந்நகரில் சேர்ந்த நினைவுகளின் படி ஒன்று இனி ஊருக்குச் செல்லட்டும். இங்கே மழை பெய்யும் நாளில் அது அங்கே உலர்ந்திருக்கும்.

சொல்லும் பொருளும்

காப்புப்படி – இழப்பு நேர்ந்தால் மீட்பதற்காகத் தனியே வைக்கப்படும் படி
ஒத்திசைவு – ஓரிடத்து மாற்றம் மற்றோரிடத்திலும் நிகழ்தல்
தீநிரல் – கணினிக்குக் கேடு செய்யும் நிரல்
வன்தட்டு – தரவைச் சேமிக்கும் கருவி
இற்றைப்படுத்தல் – புதிய நிலைக்குக் கொண்டு வருதல்
பரண் – பொருள்களை வைக்கக் கூரைக்குக் கீழ் அமைத்த தட்டு
துணிதல் – முடிவு செய்தல்

ஒரு சொல், பல பொருள்

'படி' என்னும் சொல் கீழ்வரும் தொடர்களில் என்ன பொருளில் வந்துள்ளது என எழுதுக.

1. ஆச்சி இரண்டு படி நெல் அளந்தார்.
2. படியில் நின்று பயணம் செய்யாதே.
3. பாடத்தை உரக்கப் படி.
4. சான்றிதழின் படி ஒன்றைக் கொடுத்தான்.
5. அலுவலர் பயணப்படி பெற்றார்.

வினாக்கள்

1. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸிலும் கொலாபாவிலும் பெய்த மழையின் வேறுபாடு உணர்த்துவது யாது?
2. கானா நாட்டுச் சேவையகம் தப்பியதன் காரணத்தை எழுதுக.
3. ஒத்திசைவு ஏன் காப்புப்படியாகாது? சான்றுடன் விளக்குக.
4. ஏட்டுப்படிக்கும் காப்புப்படிக்கும் உள்ள ஒற்றுமைகளைத் தொகுத்து எழுதுக.

கற்பவை கற்றபின்

1. வீட்டில் உள்ளவற்றுள் மீண்டும் பெற இயலாத ஐந்து கோப்புகளைப் பெற்றோரிடம் கேட்டுப் பட்டியலிடுக. ஒவ்வொன்றுக்கும் எத்தனை படிகள், எவ்வெவ்விடங்களில் உள்ளன என்று எழுதுக.
2. காப்புப்படி ஒன்றை ஊரில் பத்திரமாக வைத்திருக்க வேண்டி, தாத்தாவுக்கோ பாட்டிக்கோ தமிழில் ஒரு கடிதம் எழுதுக.